லூயிஸ் புனுவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக சினிமா பற்றிப் பேச ஆரம்பித்தால் புனுவல் பெயர் சீக்கிரமே வந்துவிடும். கூடவே, 'ஆண்டலூசிய நாய்' (1929) படத்தில் சவரக்கத்தி கண்ணை அறுக்கும் காட்சியும் வந்துவிடும். பலருக்கு அவர் அங்கேயே முடிந்தும் விடுகிறார். அந்தக் காட்சியை எடுத்தபோது அவருக்கு வயது 29. அதற்குப் பிறகும் 1977 வரை படம் எடுத்தார். இங்கே அந்தப் பிற்காலத்தைப் பற்றித்தான் அதிகம்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1900 பிப்ரவரி 22 அன்று ஸ்பெயினின் அரகோன் பகுதியில், கலாண்டா என்ற ஊரில் பிறந்தார். 1983 ஜூலை 29 அன்று மெக்சிகோ நகரத்தில் இறந்தார். நடுவில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள். நூற்றாண்டோடு சேர்ந்தே பிறந்தவர் என்பதால் எந்தப் படத்தை எந்த வயதில் எடுத்தார் என்று கணக்குப் போடுவது சுலபம்.

ஸ்பெயின் இயக்குநர் என்கிறீர்கள். ஆனால் பாதிப் படம் மெக்சிகோ, மீதி பிரெஞ்சு. எப்படி?

நியாயமான சந்தேகம். சொந்த நாட்டில் அவர் இயக்கிய படங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். 1933இல் ஓர் ஆவணப்படம், 1961இல் 'விரிடியானா', 1970இல் 'ட்ரிஸ்டானா', 1977இல் கடைசிப் படத்தின் ஒரு பகுதி. அவ்வளவுதான். மெக்சிகோவில் எடுத்தவை சுமார் 20. 1949இல் மெக்சிகோ குடியுரிமையும் வாங்கிவிட்டார். உள்நாட்டுப் போரில் (1936–39) சர்வாதிகாரி பிராங்கோ ஜெயித்ததும், குடியரசை ஆதரித்த இவரைப் போன்றவர்களுக்கு ஸ்பெயினில் இடமில்லாமல் போயிற்று.

ஆனாலும் அவர் படங்களைத் தொட்டால் ஸ்பெயின்தான் கையில் ஒட்டும். 'நசாரின்', 'ட்ரிஸ்டானா' இரண்டும் பெனிட்டோ பெரெஸ் கால்டோஸ் என்ற ஸ்பானிய நாவலாசிரியரின் கதைகள். 'விரிடியானா'வுக்கும் விதை அவரிடமிருந்தே. பாதிரியார், பிச்சைக்காரர், நொடித்துப்போன பிரபு, கதவுக்குப் பின்னால் பொசுங்கும் ஆசை என்று எல்லாம் அந்த மண்ணின் சரக்கு.

சிறுவயது எப்படி இருந்தது?

வசதியான வீடு. அப்பா லெயோனார்டோ, கியூபாவில் வியாபாரம் செய்து பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பி, தன்னைவிட மிகவும் இளைய பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். ஏழு பிள்ளைகளில் லூயிஸ் மூத்தவர். குடும்பம் சரகோசா நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சேசு சபையினரின் பள்ளியில் படித்தார். தேவாலயம், பாவமன்னிப்பு, நரகபயம் எல்லாம் அங்கேதான் அறிமுகம். கலாண்டாவில் முதல் உலகப் போர் வரை இடைக்காலமே நடந்துகொண்டிருந்தது என்று பிற்பாடு சொல்வார்.

அந்த ஊரைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் படங்கள் இன்னும் நன்றாகப் புரியும். ஒன்று, மேளம். பெரிய வெள்ளியன்று நண்பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஊரே சேர்ந்து முரசடிக்க ஆரம்பிக்கும்; மறுநாள் வரை நிற்காது. கைத்தோல் கிழிந்து ரத்தம் வரும் அளவுக்கு அடிப்பார்கள். 'நசாரின்' படத்தின் முடிவில் திடீரென்று எழும் அந்த முரசொலி அங்கிருந்து வந்ததுதான். இரண்டாவது, 1640இல் நடந்ததாக ஊர் நம்பும் அற்புதம்: கால் வெட்டப்பட்ட மிகுவேல் பெயிசெர் என்பவருக்கு மாதா அருளால் அந்தக் கால் திரும்ப முளைத்தது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர், எழுபது வயதில் 'ட்ரிஸ்டானா'வில் கதாநாயகியின் காலை எடுத்துவிடுகிறார்; எந்த மாதாவும் அதைத் திருப்பித் தரவில்லை.

லோர்க்கா, டாலி இருவரும் உண்மையிலேயே நண்பர்களா?

ஆம். 1917இல் மாட்ரிட்டுக்குப் படிக்கப் போனவர், 'ரெசிடென்சியா' என்ற மாணவர் விடுதியில் தங்கினார். கவிஞர் ஃபெடரிகோ கார்சியா லோர்க்காவும் ஓவியர் சால்வடோர் டாலியும் அங்கேதான் இருந்தார்கள். புனுவல் முதலில் வேளாண் பொறியியல், அப்புறம் பூச்சியியல், கடைசியில் வரலாறும் தத்துவமும் என்று தாவிப் பட்டம் வாங்கினார். நடுவே குத்துச்சண்டை. பூச்சிகள் மீதான மோகம் மட்டும் சாகும்வரை போகவில்லை. அவர் படங்களில் எறும்பு, தேள், சிலந்தி வராத இடம் குறைவு.

நட்பு நீடிக்கவில்லை. புனுவலும் டாலியும் சேர்ந்து எழுதிய 'ஆண்டலூசிய நாய்' படத்தின் தலைப்பு தன்னைக் கேலி செய்வதாக லோர்க்கா நினைத்தார், அவர் ஸ்பெயினின் தென்பகுதியான ஆண்டலூசியாக்காரர். 1936 ஆகஸ்டில் பிராங்கோ தரப்பினர் லோர்க்காவைச் சுட்டுக் கொன்றார்கள். டாலியோடு நடந்தது வேறு மாதிரியான முறிவு. 1942இல் வெளிவந்த தன் சுயசரிதையில் டாலி, புனுவல் ஒரு நாத்திகர் என்று எழுதினார். அப்போது புனுவல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். எதிர்ப்பு கிளம்பியது, 1943இல் வேலையை விட்டார். கேட்கப் போனபோது, புத்தகம் எழுதியது தன்னை உயர்த்திக்கொள்ளத்தான், உன்னை உயர்த்த அல்ல என்கிற மாதிரி டாலி பதில் சொன்னதாக புனுவல் எழுதியிருக்கிறார். 1982இல் டாலி தந்தி அடித்தார், சேர்ந்து இன்னொரு படம் செய்யலாம் என்று. சினிமாவிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்று இவர் பதில் அனுப்பிவிட்டார்.

கண்ணை அறுக்கும் காட்சி நிஜமா? அதற்கு என்ன அர்த்தம்?

அறுக்கப்பட்டது செத்த கன்றுக்குட்டியின் கண். கத்தியைத் தீட்டும் ஆள் புனுவலேதான்.

மேகம் நிலவைக் கீறிக்கொண்டு போகிறது, கத்தி கண்ணைக் கீறுகிறது என்பது புனுவல் கண்ட கனவு. உள்ளங்கையில் எறும்பு மொய்ப்பது டாலி கண்ட கனவு. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்குள் திரைக்கதை எழுதிவிட்டார்கள். ஒரே விதி: அறிவுக்கு எட்டுகிற விளக்கம் இருக்கும் எந்தக் காட்சியும் வேண்டாம். ஆகவே அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். காசு அம்மா கொடுத்தது. 1929 ஜூனில் பாரிஸில் முதல் காட்சி. ரகளை வந்தால் எறிவதற்கு இவர் சட்டைப்பையில் கற்களோடு திரைக்குப் பின்னால் நின்றாராம். ஜனம் கைதட்டியது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

அப்படியானால் ரகளை நடக்கவே இல்லையா?

அடுத்த படத்துக்கு நடந்தது, தாராளமாக. 'பொற்காலம்' (1930) ஒரு பிரபுக் குடும்பத்தின் பணத்தில் எடுத்தது. காதலர்கள் இருவர் சேர முயலும்போதெல்லாம் சமூகம், தேவாலயம், அரசு என்று யாராவது குறுக்கே வருவார்கள். டிசம்பர் 3 அன்று பாரிஸ் 'ஸ்டுடியோ 28' அரங்கில் வலதுசாரிக் கும்பல் புகுந்து, திரையில் மை எறிந்து, முகப்பில் வைத்திருந்த ஓவியங்களைக் கிழித்தது. சில நாட்களில் காவல்துறை படத்தைத் தடை செய்தது. அது முறையாக மறுபடி வெளிவர ஏறத்தாழ ஐம்பது வருடம் ஆயிற்று.

'லாஸ் ஊர்டெஸ்' ஆவணப்படமா, ஏமாற்றுவேலையா?

இரண்டும் கலந்தது, அதனால்தான் இன்றும் சண்டை போகிறது. எக்ஸ்ட்ரமதுரா பகுதியின் மலைக்கிராமங்களில் மக்கள் பசியோடும் நோயோடும் வாழ்வதை 1933இல் எடுத்தார். பணம் வந்த விதமே தனிக் கதை. ரமோன் அசின் என்ற, அரசே கூடாது என்னும் அராஜகவாதக் கொள்கை கொண்ட ஆசிரியர், லாட்டரி விழுந்தால் உன் படத்துக்குத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். விழுந்தது. கொடுத்தார். 1936இல் பிராங்கோ தரப்பு அசினையும் சில நாட்கள் கழித்து அவர் மனைவியையும் சுட்டுக் கொன்றது.

படத்தில் ஒரு மலையாடு பாறையிலிருந்து தவறி விழும். உற்றுப் பார்த்தால் திரையோரத்தில் துப்பாக்கிப் புகை தெரியும், சுட்டு விழவைத்தார்கள். கழுதையைத் தேனீக்கள் கொட்டிக் கொல்லும் காட்சியும் தானாக நடந்ததல்ல. இதை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் அந்த மக்களின் வறுமை ஜோடனை இல்லை. படத்தைத் தடை செய்தது குடியரசு அரசாங்கமே. நாட்டின் மானம் போகிறது என்றார்கள்.

அதற்குப் பிறகு 14 வருடம் என்ன செய்தார்?

இயக்குநர் என்று தன் பெயர் போட்டு எதுவும் செய்யவில்லை. வாழ்க்கை வரலாற்றை எழுதுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

மாட்ரிட்டில் 'ஃபில்மோஃபோனோ' என்ற நிறுவனத்துக்காக 1935–36இல் நான்கு படங்களைத் தயாரித்தார். பாட்டு, கண்ணீர், சிரிப்பு எல்லாம் கலந்த ஜனரஞ்சகப் படங்கள். தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் குறைந்த காசில், குறித்த நாளில், ஃபிலிம் வீணாகாமல் படம் முடிக்கும் வித்தை அங்கே கைவந்தது. போர் வந்ததும் பாரிஸில் குடியரசின் தூதரகத்துக்காக வேலை. 1938இல் அமெரிக்கா. அருங்காட்சியக வேலை போனபிறகு வார்னர் பிரதர்ஸில் ஸ்பானிய டப்பிங் வேலை. மனைவி ஜான், இரண்டு மகன்கள். 46 வயதில் பார்த்தால், ஒருகாலத்தில் ஊரைக் கலக்கிய ஆள், இப்போது வேலை தேடுகிறவர்.

மெக்சிகோவுக்கு ஏன் போனார்? அங்கே எடுத்ததெல்லாம் வயிற்றுப்பாட்டுப் படங்கள் என்கிறார்களே?

1946இல், ஏறக்குறைய தற்செயலாக. தயாரிப்பாளர் ஆஸ்கர் டான்சிகர்ஸ் வாய்ப்புக் கொடுத்தார். முதல் படம் 'கிரான் கசினோ', இரண்டு பெரிய பாடகர் நட்சத்திரங்களை வைத்துப் பாட்டுப் படம். முத்தக் காட்சி வர வேண்டிய இடத்தில், காதலன் குச்சியால் சேற்றைக் கிளறுவதைக் காட்டினார். படம் ஊற்றிக்கொண்டது. இரண்டு வருடத்துக்கு மேல் வேலையில்லை. அம்மா அனுப்பிய பணத்தில் குடும்பம் நடந்தது. 1949இல் ஒரு நகைச்சுவைப் படம் ஓடிக் காப்பாற்றியது.

வயிற்றுப்பாட்டுப் படங்கள் என்பது சரிதான். நட்சத்திரத்தையும் கதையையும் பலமுறை தயாரிப்பாளரே முடிவு செய்தார். ஆனால் அந்தக் கட்டுக்குள்ளேயே அவர் தன் விஷத்தை நுழைத்தார். 'எல்' (1953) பார்வைக்கு ஒரு குடும்பப் படம். பணக்காரக் கணவன், அழகான மனைவி, சந்தேகம். மெல்ல மெல்ல அது ஒரு மனநோயாளியின் வரைபடம் ஆகிவிடும். உளவியல் அறிஞர் ழாக் லக்கான் அதைத் தன் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். பாரிஸில் கனவையும் அடிமனதையும் கலையாக்கிய சர்ரியலிஸ்ட் கூட்டத்தோடே அவர் தங்கியிருந்தால் இதெல்லாம் வந்திருக்குமா என்று சந்தேகமாக இருக்கிறது. அங்கே அதிர்ச்சி கொடுத்தால் போதும். இங்கே டிக்கெட் வாங்கியவனை உட்காரவைத்தும் ஆக வேண்டும்.

'லாஸ் ஓல்விடாடோஸ்' ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

'மறக்கப்பட்டவர்கள்' என்று பொருள். மெக்சிகோ நகரச் சேரிகளில் திரியும் சிறுவர்களைப் பற்றிய படம், 1950. எடுப்பதற்கு முன் பல மாதங்கள் பழைய உடுப்பு மாட்டிக்கொண்டு அந்தப் பகுதிகளில் சுற்றினார். படப்பிடிப்பு மூன்றே வாரம்.

ஏழைகளைக் காட்டும் படங்கள் வழக்கமாக ஒரு பேரம் பேசும்: வறுமையைப் பார், பதிலுக்கு நல்லமனசைத் தருகிறேன் என்று. இந்தப் படம் அந்தப் பேரத்துக்கு வரவில்லை. இதில் வரும் குருடர் கொடூரமானவர். பையன்கள் அந்தக் குருடரை அடிக்கிறார்கள், கால் இல்லாதவனைத் தள்ளுவண்டியிலிருந்து இழுத்துப் போடுகிறார்கள். பெட்ரோ என்ற சிறுவனுக்கு அம்மா சோறு போட மறுக்கிறாள். இந்தக் காட்சிக்காக, எந்த மெக்சிகோத் தாயும் இப்படிச் செய்யமாட்டாள் என்று சிகையலங்காரப் பெண் வேலையை விட்டே போய்விட்டாராம். அதே பெட்ரோ தூங்கும்போது வரும் கனவில், மெதுவாக நடந்து வரும் அம்மா ஒரு பச்சை இறைச்சித்துண்டை நீட்டுகிறாள். பசியையும் தாய்ப்பாசத்தையும் ஒரே பிம்பத்தில் அப்படிக் கட்டிய இன்னொரு காட்சி எனக்குத் தெரியவில்லை. இன்னொரு இடத்தில் ஒரு பையன் முட்டையை நேராகக் கேமரா மீதே எறிவான். வெள்ளைக்கரு நம் முகத்தில் வழியும்.

மெக்சிகோவில் சில நாட்களிலேயே படத்தைத் தூக்கிவிட்டார்கள். நாட்டை அவமானப்படுத்திவிட்டார், வெளியேற்றுங்கள் என்று குரல்கள். பிறகு 1951இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில், கவிஞர் ஒக்டாவியோ பாஸ் படத்தைப் பற்றித் தானே கட்டுரை எழுதி அரங்க வாசலில் நின்று கொடுத்தார். சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. அதற்குப் பிறகு அதே மெக்சிகோவில் நன்றாக ஓடியது. வெளிநாட்டுச் சான்றிதழ் வந்தபின் சொந்தப் பிள்ளையைக் கொண்டாடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு போல. 2003இல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அவர் படம் எடுக்கும் முறை எப்படி?

வேகம், சிக்கனம். படத்தொகுப்பை மனதிலேயே முடித்துவிட்டுத்தான் படப்பிடிப்புக்குப் போவார். தேவைக்கு மேல் ஷாட் எடுக்கமாட்டார். அழகான ஷாட்டுகள் மேல் அவருக்கு ஒவ்வாமை. 'நசாரின்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் கேப்ரியல் ஃபிகுவெரோவா எரிமலையும் மேகமும் தெரிய அற்புதமான சட்டகம் ஒன்றை அமைத்தாராம். புனுவல் கேமராவைத் திருப்பிச் சாதாரணமான ஒரு பக்கத்தைப் பார்க்க வைத்தார். காது மந்தமாகிக்கொண்டே போனது. பிற்காலப் படங்களில் பின்னணி இசை ஏறத்தாழ இல்லாமல் போனது. பாத்திரத்தின் உள்நோக்கம் என்ன என்று நடிகர்கள் கேட்டால் அவரிடம் பதில் எதிர்பார்க்க முடியாது.

'விரிடியானா' சர்ச்சை என்ன?

1960இல் பிராங்கோவின் ஸ்பெயினுக்குப் படமெடுக்கத் திரும்புகிறார் என்றதும் நாடு கடந்து வாழ்ந்த நண்பர்கள் துரோகி என்றார்கள். படம் வந்ததும் வாயடைத்துப் போனார்கள்.

கன்னியாஸ்திரீ ஆகப்போகும் ஒரு பெண், மாமாவின் சாவுக்குப் பின் அவர் பண்ணையில் பிச்சைக்காரர்களைச் சேர்த்து அன்பு காட்டுகிறாள். அவள் இல்லாத ஓர் இரவு அவர்கள் வீட்டுக்குள் புகுந்து விருந்து நடத்துகிறார்கள். ஒரு கணம் எல்லோரும் மேசையில் உறைந்து நிற்க, அது அப்படியே டாவின்சியின் 'கடைசி இராவுணவு' ஓவியமாகிவிடும். அந்த விருந்தில் ஹாண்டெலின் அல்லேலூயா இசையும் ஒலிக்கும்.

தணிக்கைக்காரர்கள் முடிவை மட்டும் மாற்றச் சொன்னார்கள். முதலில் எழுதியது: விரிடியானா இரவில் மாமா மகனின் அறைக்கதவைத் தட்டுவாள், உள்ளே போவாள், கதவு மூடும். கூடாது என்றார்கள். சரி என்று மாற்றினார். இப்போது அறைக்குள் ஏற்கெனவே வேலைக்காரி இருக்கிறாள். மூன்று பேரும் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். பழையதைவிட இது பல மடங்கு விவகாரமானது. தணிக்கை அதிகாரிகள் திருப்தியோடு அனுமதித்தார்கள்.

1961 கான் விழாவில் படம் தங்கப் பனை விருதைப் பகிர்ந்துகொண்டது. ஸ்பெயினின் திரைத்துறைத் தலைமை அதிகாரியே மேடையேறி விருதை வாங்கினார். அடுத்து வத்திக்கானின் நாளிதழ் படத்தைத் தெய்வநிந்தனை என்று கண்டித்தது. அதிகாரியின் பதவி போயிற்று, படம் ஸ்பெயினில் தடை. பிராங்கோ செத்த பிறகு 1977இல்தான் அங்கே திரைக்கு வந்தது.

'அழிக்கும் தேவதை'யில் அவர்களால் ஏன் வெளியே போக முடியவில்லை?

தெரியாது, யாருக்கும் தெரியாது. பணக்கார வீட்டு விருந்து ஒன்று முடிகிறது; கதவு திறந்துதான் இருக்கிறது, விருந்தாளிகளால் அறையைத் தாண்ட முடியவில்லை. நாட்கள் போகப்போக நாகரிகம் உரிகிறது. ஆரம்பத்தில் விருந்தாளிகள் வீட்டுக்குள் நுழையும் காட்சி இரண்டு முறை வரும். அச்சில் பிழையில்லை, வேண்டுமென்றே செய்ததுதான்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவரா?

'கடவுள் புண்ணியத்தில் நான் இன்னும் நாத்திகன்' என்று சொன்னவர். அந்த வாக்கியத்திலேயே எல்லாம் இருக்கிறது. கடவுளை நம்பவில்லை, ஆனால் அவரை விட்டு ஒருநாளும் விலகவும் இல்லை. 'பாலைவனத்தில் சைமன்' (1965) தூணின் மேல் நின்று தவம் செய்யும் துறவியைப் பற்றியது. பணம் தீர்ந்ததால் முக்கால் மணி நேரத்தோடு முடிந்துவிட்டது. 'பால்வீதி' (1969) முழுக்கக் கிறிஸ்தவ இறையியல் விவாதங்கள். மதத்தைக் கிண்டல் செய்பவர்களில் இவ்வளவு படித்துவிட்டுச் செய்தவர் குறைவு. கடைசிக் காலத்தில் நெருங்கிய நண்பர்களில் ஒருவர் டொமினிகன் சபைப் பாதிரியார்.

பிரெஞ்சுப் படங்கள்?

1964இலிருந்து திரைக்கதையாளர் ஜான்-க்ளோத் கரியேரோடு கூட்டு. பீட்டர் புரூக்கின் மகாபாரத நாடகத்தை எழுதிய அதே கரியேர்தான். இருவரும் எங்காவது ஒதுக்குப்புறமான விடுதியில் தங்கி, தினம் கற்பனையில் தோன்றியதைச் சொல்லிச் சொல்லி எழுதுவார்கள். கேத்தரின் டெனூவ் நடித்த 'பெல் டி ஜூர்' 1967இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதை வென்றது. அதில் விலைமகளிர் விடுதிக்கு ஒரு வாடிக்கையாளர் கொண்டுவரும் பெட்டிக்குள் ஏதோ ரீங்காரமிடும். என்ன அது என்று வாழ்நாள் முழுக்க அவரைக் கேட்டார்கள். நீங்கள் எதை நினைக்கிறீர்களோ அது என்பார்.

'பூர்ஷ்வாக்களின் அடக்கமான வசீகரம்' (1972), சாப்பிட உட்கார்ந்து சாப்பிடவே முடியாமல் போகும் ஆறு பேரின் கதை. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. விருதுக்கு முன்பே பத்திரிகையாளர்களிடம், கேட்ட 25,000 டாலரைக் கொடுத்துவிட்டேன், எனக்குத்தான் வரும் என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொன்னாராம். அது அச்சாகிப் பெரிய கலவரம். அதே 1972இல் இயக்குநர் ஜார்ஜ் கூக்கர் ஹாலிவுட்டில் அவருக்கு விருந்து வைத்தார். ஹிட்ச்காக், பில்லி வைல்டர், ஜான் ஃபோர்டு எல்லாம் வந்தார்கள். ஹிட்ச்காக் பக்கத்தில் உட்கார்ந்து 'ட்ரிஸ்டானா'வின் காலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

கடைசிப் படத்தில் ஒரே பாத்திரத்துக்கு ஏன் இரண்டு நடிகைகள்?

1977இல் மரியா ஷ்னைடரை வைத்து ஆரம்பித்து, சரிப்படவில்லை. படமே நின்றுபோகும் நிலையில், இரண்டு பேரைப் போடலாமே என்றார் புனுவல். கரோல் பூக்கே, ஆங்கெலா மொலினா இருவரும் மாறி மாறி வருகிறார்கள். படத்தில் யாரும் இதைக் கவனிப்பதே இல்லை. பார்வையாளர்களில் சிலரும் கவனிக்கவில்லை.

வீட்டில் எப்படி?

புரட்சிக்காரர் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதிகாலையில் எழுவார், சீக்கிரம் தூங்குவார், மார்ட்டினி கலப்பதில் கெடுபிடி. மனைவி ஜான் ருக்கார் பிற்பாடு எழுதிய நினைவுக்குறிப்பின் தலைப்பே 'பியானோ இல்லாத ஒரு பெண்ணின் நினைவுகள்'. அவருடைய பியானோவை மூன்று ஷாம்பெய்ன் பாட்டிலுக்குப் புனுவல் யாருக்கோ கொடுத்துவிட்டார். பொறாமைக்காரர், வீட்டைத் தன் கட்டுப்பாட்டில் வைத்தவர் என்றும் எழுதியிருக்கிறார். 'எல்' படத்தின் கணவனை அவ்வளவு துல்லியமாக எப்படி எடுத்தார் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

எங்கே தொடங்குவது?

கண் அறுக்கும் படத்தில் தொடங்காதீர்கள். 'லாஸ் ஓல்விடாடோஸ்' முதலில், அடுத்து 'விரிடியானா', அப்புறம் 'எல்'. இந்த மூன்றும் பிடித்தால் 'அழிக்கும் தேவதை', பிறகு 1972 படம். 'ஆண்டலூசிய நாய்' வெறும் கால்மணி நேரம், அதை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். 1982இல் கரியேர் உதவியோடு வந்த சுயசரிதையைப் படங்களுக்கு நடுவே படியுங்கள்; அவர் நினைவில் உள்ளதையும் கற்பனையையும் பிரிக்க அவரே மெனக்கெடவில்லை.

எதைத் தவிர்க்கலாம்?

'கிரான் கசினோ'. சேற்றைக் கிளறும் அந்த ஒரு காட்சியைத் தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம்.